எட்டு என்றார்கள்… எண்ணிப் பார்த்தீர்களா?

கேட்ட நினைவகம்தான் கணினிக்குள் இருக்கிறதா? கரடியனாற்றுப் பக்கத்தில் முதல் லெப்டொப் வாங்கும் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பின் செங்கலடிச் சந்தியில் திரும்பிக் கறுத்தப்பாலத்தைத் தாண்டினால் பதுளை வீதி வயலுக்குள் இறங்கிவிடும். இலுப்படிச்சேனை, கரடியனாறு, அதற்கப்பால் உறுகாமம், கோப்பாவெளி, புல்லுமலை என்று ஊர்கள் வீதியோரமாக நீள்கின்றன. 2007 வரை புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதி இது. மின்சாரமும் கைத்தொலைபேசிக் கோபுரமும் இங்கே பல ஊர்களுக்கு அதற்குப் பிறகுதான் வந்தன. வீட்டுக்கு முதல் கணினியை வாங்குகிற தலைமுறை இப்போதுதான் வாங்கிக்கொண்டிருக்கிறது. உயர்தரம் படிக்கிற மகளுக்கு, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மகனுக்கு என்று வாங்குவது பெரும்பாலும் ஒரே ஒரு லெப்டொப். அதற்கான காசு பெரும்போக நெல்லில் இருந்தோ, மத்திய கிழக்கில் வேலை செய்பவர் அனுப்பியதில் இருந்தோ, அடகு வைத்த நகையில் இருந்தோ வந்திருக்கும்.

அந்தக் காசை இரண்டு மூன்று தடவை எண்ணித்தான் கடைக்காரர் கையில் கொடுக்கிறோம். அவர் பதிலுக்குத் தருகிற பெட்டிக்குள் எண்ண வேண்டிய ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. அதுதான் நினைவகம், கடைப் பேச்சில் ரேம்.

இந்தப் பக்கத்து விவசாயிக்கு அளவை புதிதல்ல. நெல் வாங்க வருகிற வியாபாரியின் தராசை உற்றுப் பார்ப்பார், சாக்குக்கு எத்தனை கிலோ கழிக்கிறார் என்று சண்டை பிடிப்பார், நிறுத்து முடியும்வரை பக்கத்தை விட்டு நகரமாட்டார். அந்தத் தராசுக்கு முத்திரை குத்த அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் என்று ஒன்று இருக்கிறது. லெப்டொப்புக்குள் 8 ஜிபி இருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துகிற திணைக்களம் எதுவும் இல்லை. வாங்குகிறவர்தான் நிறுக்க வேண்டும். அதற்கான தராசு கணினிக்குள்ளேயே இருக்கிறது, காசும் கேட்காது.

குறைந்தாலும் ஓடும்

கடை விளம்பரத்தில் '8 ஜிபி / 256 ஜிபி' என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவது எண் சேமிப்பகம். படம், பாட்டு, கோப்பு எல்லாம் நிரந்தரமாகக் கிடக்கும் இடம். முதல் எண்தான் ரேம். கணினி இயங்கும்போது திறந்திருக்கிற செயலிகளும் பக்கங்களும் தற்காலிகமாகத் தங்குவது இங்கே. கணினியை நிறுத்தினால் இதில் இருப்பது போய்விடும்.

ரேம் குறைவாக இருந்தால் கணினி ஓடாமல் நின்றுவிடாது. இடம் போதாதபோது விண்டோஸ் தன் சுமையில் ஒரு பகுதியைச் சேமிப்பகத்துக்கு மாற்றி வைத்துவிட்டு, தேவைப்படும்போது திருப்பி எடுத்துக்கொள்ளும். ரேமோடு ஒப்பிட்டால் சேமிப்பகம் மிக மந்தம். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் சொல்லவே வேண்டாம். விண்டோஸ் 11 கேட்கிற குறைந்தபட்ச ரேம் 4 ஜிபிதான். ஆகவே 8 ஜிபி என்று விற்கப்பட்ட கணினிக்குள் 4 ஜிபிதான் இருந்தாலும் விண்டோஸ் தடையின்றி ஏறும், கடை மேசையில் பளிச்சென்று திறக்கும், வேர்டும் ஓடும்.

குறை வெளிப்படுவது வீட்டில். சூம் வகுப்பு ஒரு பக்கம், குரோமில் நாலைந்து பக்கங்கள் இன்னொரு பக்கம், நடுவில் ஒப்படையை எழுத வேர்ட். சுட்டி நகராது, ஆசிரியரின் குரல் அறுந்து அறுந்து வரும். பிள்ளை 'சிக்னல் இல்லை' என்று சொல்லும், தகப்பன் 'வைரஸ் புகுந்திட்டு' என்பார். உள்ளே பாதி நினைவகம்தான் இருக்கிறது என்ற சந்தேகம் யாருக்கும் வராது. ஒளித்திரை உடைந்திருந்தால் அன்றே தெரியும், பற்றரி செத்திருந்தால் ஒரு வாரத்தில் தெரியும். ரேம் குறைந்திருப்பதோ உத்தரவாதக் காலம் முடிகிற வரைக்கும் தெரியாமலே போகலாம்.

ஏன் இப்போது?

2025இன் பிற்பகுதியில் இருந்து உலகச் சந்தையில் ரேமின் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. சில வகை ரேம்கள் சில மாதங்களுக்குள் இரண்டு மடங்குக்கு மேல் விலை போயின. செயற்கை நுண்ணறிவுக்காக அமெரிக்காவிலும் சீனாவிலும் எழும்புகிற தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். உலகின் ரேம் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்வது தென் கொரியாவின் சம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள்தாம். அவற்றுள் மைக்ரான், வீட்டுப் பாவனைக்கு ரேம் விற்றுவந்த தன் குரூஷியல் வியாபாரத்தையே கைவிடுவதாக 2025 டிசம்பர் 3 அன்று அறிவித்தது. தரவு மையங்களுக்கு விற்பதில்தான் இலாபம் அதிகம்.

இலங்கையில் இதற்கு முன்பே ஒரு அடி விழுந்திருந்தது. 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் சில வாரங்களிலேயே 300ஐத் தாண்டியது. புதிய லெப்டொப் எட்டாக்கனியாகிவிட, பாவித்த லெப்டொப்புகளின் பக்கம் மக்கள் திரும்பினார்கள். பாவித்த கணினி என்றால் ஏற்கெனவே யாரோ திறந்து மூடிய பெட்டி. சில திருகாணிகளைக் கழற்றினால் ரேம் துண்டு கையோடு வந்துவிடும். 8 ஜிபியை எடுத்து 4 ஜிபியைப் போட ஐந்து நிமிடம் போதும். ரேம் மலிவாகக் கிடந்தபோது இந்த வேலையில் பெரிய இலாபம் இல்லை. இப்போது இருக்கிறது.

திருத்தக் கொடுக்கிற கணினிக்கும் இதே பயம்தான். எல்லாத் திருத்துநரும் களவாணிகள் என்று சொல்வது பாவம். பெரும்பாலானவர்கள் அப்படியில்லை. கொடுக்கும்போதும் வாங்கும்போதும் அளவைப் பதிந்துகொண்டால், நேர்மையானவர் மீதும் வீண் பழி விழாது.

ஒரு நிமிடத் தராசு

விண்டோஸ் 10இலோ 11இலோ கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபோமன்ஸ்', பிறகு 'மெமரி'. வலது பக்க மேல் மூலையில் பெரிய எழுத்தில் தெரிகிற எண்தான் மொத்த அளவு. பலர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். அசல் விடயம் கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது. 'ஸ்பீட்' என்ற இடத்தில் வேகம். 'ஸ்லொட்ஸ் யூஸ்ட்' என்ற இடத்தில், ரேம் சொருகும் குழிகள் எத்தனை, அவற்றில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்ற கணக்கு. 'ஹார்ட்வெயார் ரிசேர்வ்ட்' என்ற இடத்தில், வன்பொருள் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட பங்கு.

குழிக் கணக்கு ஏன் முக்கியம்? '8 ஜிபி ஒற்றைத் துண்டு, இன்னொரு குழி காலி' என்று கேட்டு வாங்கியிருப்பீர்கள். பிறகு காசு சேரும்போது இன்னொரு 8 போடலாம் என்பது திட்டம். கடைக்காரர் 4ம் 4மாக இரண்டு குழியையும் நிரப்பித் தந்திருந்தால் மொத்தம் சரிதான். நாளைக்கு 16 ஆக்கப் போகும்போது, பழைய துண்டுகளைத் தூக்கிப் போட வேண்டியிருக்கும். இதிலும் ஒரு நியாயம் உண்டு: ஒரே மாதிரியான இரண்டு துண்டுகள் சேர்ந்தால் இரட்டைத் தடத்தில் வேலை செய்து வேகம் கூடும். எது வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மெல்லிய லெப்டொப்புகள் பலவற்றில் ரேம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டே வருகிறது. அவற்றில் பிறகு கூட்டுகிற பேச்சுக்கே இடமில்லை.

விண்டோஸ் போடாமல் விற்கிற கணினி என்றால், இயக்கியவுடன் எஃப்2 அல்லது டிலீட் விசையைத் தட்டினால் பயோஸ் திரை வரும். அதிலும் நினைவக அளவு எழுதியிருக்கும். லினக்ஸ் பாவிப்பவர்கள் முனையத்தில் 'ஃப்ரீ' கட்டளையைக் கொடுக்கலாம். மெக் என்றால் ஆப்பிள் குறியைத் தட்டி 'அபௌட் திஸ் மெக்'.

ஏழு சொச்சம் காட்டினால்?

கடையில் நடக்கிற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"தம்பி, எட்டு எண்டுதானே சொன்ன நீங்க? இதுல ஏழு சொச்சம் காட்டுதே?"

"அக்கா, அது கொம்பனிக் கணக்கு. எல்லாத்துலயும் அப்படித்தான் குறையும்."

தம்பி சொல்வதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் ஏமாறவும் வேண்டாம், வீணாகச் சண்டை பிடிக்கவும் வேண்டாம்.

விண்டோஸின் 'அபௌட்' பக்கத்தில் '8.00 ஜிபி (7.8 ஜிபி யூசபிள்)' என்று எழுதியிருக்கும். பொருத்தப்பட்டது 8. வன்பொருள் தனக்கு எடுத்துக்கொண்டது போக மிச்சம் 7.8. இது நேர்மையான வித்தியாசம். ஏஎம்டி ரைசன் லெப்டொப்புகளில் மிச்சம் 6ஐ ஒட்டியும் இருக்கலாம். தனிக் கிராபிக்ஸ் அட்டை இல்லாதபோது திரையை வரைகிற பகுதி ரேமிலிருந்து 2 ஜிபிவரை ஒதுக்கிக்கொள்வதுண்டு. அதுவும் மோசடியில்லை. அடைப்புக்கு வெளியே நிற்கிற எண் 8 ஆக இருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

பழைய கணினியில் 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால் எவ்வளவு ரேம் இருந்தாலும் 4 ஜிபிக்கு மேல் பாவிக்க முடியாது. நடைமுறையில் 3 சொச்சம்தான் கிடைக்கும். 8 ஜிபி போட்ட கணினியில் 3.4 பாவிக்கலாம் என்று காட்டினால், ரேமைச் சந்தேகப்படுவதற்கு முன் அதே பக்கத்தில் 'சிஸ்டம் டைப்' என்ற வரியைப் பாருங்கள்.

வேகத்திலும் இப்படி ஒரு குழப்பம் உண்டு. 3200 என்று எழுதிய துண்டு 2666 என்று காட்டலாம். ரேம் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் செயலி அனுமதிக்கிற வேகத்தில்தான் ஓடும். இன்டெலின் ஐ3-10100 செயலியின் எல்லை 2666தான். சிபியு-சி என்ற இலவச மென்பொருளோ 3200ஐ 1600 என்று காட்டும். டிடிஆர் ரேம் ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை தரவை அனுப்புவதால், துடிப்பைக் காட்டுகிற எண்ணை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

'கொம்பனிக் கணக்கு' என்ற வாதம் உண்மையில் சேமிப்பகத்துக்கு உரியது. ஹார்ட் டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி ஜிபி எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024ஆல் பெருக்கி எண்ணுகிறது. அதனால் 512 ஜிபி எஸ்எஸ்டி 476 என்றும், 1 டெராபைட் 931 என்றும் தெரியும். இந்த வித்தியாசத்துக்காகவே அமெரிக்காவில் வெஸ்டேர்ன் டிஜிட்டல் மீதும் சீகேட் மீதும் பாவனையாளர்கள் வழக்குப் போட்டு, 2006இலும் 2007இலும் இணக்கத் தீர்வு கண்டார்கள். ரேமின் கதை வேறு. அதைச் செய்பவரும் 1024 கணக்கு, விண்டோஸும் 1024 கணக்கு. ஆகவே பொருத்தப்பட்ட ரேமின் அளவு குறையாமல் 8.00 என்றுதான் வர வேண்டும். 4.00 என்றோ 6.00 என்றோ வந்தால் அதற்குக் 'கொம்பனிக் கணக்கு' என்ற விளக்கம் செல்லாது.

இன்னொரு காரணத்தையும் கவனிக்க வேண்டும். இரண்டு துண்டு போட்ட கணினியில் ஒன்று சரியாக அமராவிட்டால் 16க்குப் பதில் 8 காட்டும். ஈரக்காற்று அடிக்கிற நம் பக்கத்தில், துண்டின் அடியில் இருக்கிற பொன்னிறத் தொடுமுனைகளில் அழுக்குப் படிவது சாதாரணம். திருத்துநர்கள் அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, துடைத்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை திரும்பச் சொருகுவார்கள். பல நேரங்களில் காணாமற்போன 8 அப்படியே திரும்பி வந்துவிடும்.

ஸ்டிக்கர் பேசும்

கணினியைத் திறந்து காட்டச் சொல்ல முடிந்தால் ரேம் துண்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். லெப்டொப்பில் போடுகிற துண்டு ஒரு விரல் நீளத்துக்குள்தான் இருக்கும். மேலே ஒட்டிய ஸ்டிக்கரில் '8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ-எஸ்' என்ற தோரணையில் ஒரு வரி ஆங்கில எழுத்தில் இருக்கும். மந்திரம் மாதிரித் தெரிந்தாலும் கணக்குத்தான்.

முதலில் வருவது கொள்ளளவு. 'பிசி4' என்றால் டிடிஆர்4 தலைமுறை, 'பிசி3' என்றால் அதற்கு முந்தைய டிடிஆர்3. 3200 என்பது வேகம். கடைசியில் வருகிற 'எஸ்' லெப்டொப்புக்குரிய சிறிய வடிவத்தைக் குறிக்கும். நடுவில் இருக்கிற '1ஆர்எக்ஸ்8'இல் தான் சுவாரசியம். ரேம் துண்டு ஒரே நேரத்தில் 64 பிட்டுகளைக் கொடுக்கிறது. ஒவ்வொரு சில்லும் 8 பிட் கொடுத்தால் எட்டுச் சில்லுகள் வேண்டும். துண்டில் கறுப்புச் சதுரங்களை எண்ணினால் எட்டு இருக்கும். ஒவ்வொன்றும் 8 ஜிகாபிட், அதாவது 1 ஜிகாபைட். எட்டும் சேர்ந்து 8 ஜிபி. '1ஆர்எக்ஸ்16' என்றிருந்தால் ஒரு சில்லு 16 பிட் கொடுக்கும், ஆகவே நான்கே சில்லுகள். ஒவ்வொன்றும் இரண்டு ஜிகாபைட்டாக இருந்தால் அதுவும் 8 ஜிபிதான். சில்லு நாலுதானே என்று அவசரப்பட்டுக் கடைக்காரரைத் திட்டிவிடக் கூடாது.

துண்டின் அடியில் ஒரு வெட்டு இருக்கும். டிடிஆர்3இலும் டிடிஆர்4இலும் அந்த வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். லெப்டொப் துண்டில் டிடிஆர்3க்கு 204 தொடுமுனைகள், டிடிஆர்4க்கு 260. ஒன்றின் குழியில் மற்றது இறங்காது. 'டிடிஆர்4 லெப்டொப்' என்று பேசி வாங்கியதில் பிசி3 ஸ்டிக்கர் இருந்தால், மாறியிருப்பது ரேம் மட்டுமில்லை, கணினியே ஒரு தலைமுறை பழையது.

ஸ்டிக்கரைப் போலியாக அச்சடிக்கலாம் என்பதும் உண்மை. ஒவ்வொரு ரேம் துண்டிலும் சின்னதாக இன்னொரு சில்லு இருக்கிறது. துண்டின் கொள்ளளவு, வேகம், செய்த நிறுவனம் எல்லாம் அதில் பதியப்பட்டிருக்கும். கணினி இயங்கத் தொடங்கும்போது அதைத்தான் வாசிக்கிறது. ஸ்டிக்கர் ஒன்று சொல்லி டாஸ்க் மெனேஜர் வேறு சொன்னால், டாஸ்க் மெனேஜரை நம்புங்கள். அந்தப் பதிவையும் திருத்திவிடுகிற போலிகள் உண்டு. அங்கே கைகொடுப்பது மெம்டெஸ்ட்86. கிறிஸ் பிராடி என்பவர் 1994இல் எழுதிய நிரல் அது. ரேமின் ஒவ்வொரு இடத்திலும் எழுதி, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று திரும்ப வாசித்துப் பார்க்கும். பென்டிரைவில் இருந்து இயக்கலாம். நேரம் எடுக்கும், இரவில் ஓடவிட்டுவிட்டுப் படுக்கலாம்.

பெரிய இடத்துக் கணக்கு வழக்குகள்

அளவைக் கூட்டிச் சொல்கிற பழக்கத்துக்கு நாடு எது, கடை எது என்ற பேதமில்லை.

1995இல் அமெரிக்காவில் சின்க்ரோனிஸ் சொஃப்ட்கோர்ப் என்ற நிறுவனம் 'சொஃப்ட்ராம்95' என்ற மென்பொருளை விற்றது. புதிய ரேம் வாங்க வேண்டாம், இதைப் போட்டால் இருக்கிற ரேம் இரண்டு மடங்காகும் என்பது விளம்பரம். அன்றைக்கு ரேமின் விலை கொள்ளை விலை. ஆறு லட்சம் பிரதிகள் அளவில் விற்றுத் தீர்ந்தது. நிரல் வல்லுநர்கள் பிரித்துப் பார்த்தபோது ரேமைக் கூட்டுகிற வேலை எதையும் அது செய்யவில்லை என்று தெரிந்தது. திரையில் காட்டுகிற எண் மட்டும்தான் கூடியது. 1996இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு நடவடிக்கை எடுத்தது.

2014இல் வந்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 970 கிராபிக்ஸ் அட்டையின் கதை இன்னும் நுட்பமானது. 4 ஜிபி என்று விற்றார்கள், 4 ஜிபி இருந்தது. ஆனால் அதில் கடைசி அரை ஜிபி மட்டும் மற்ற மூன்றரையைவிட மிக மந்தமாக வேலை செய்தது. பாவனையாளர்கள் சோதித்துக் கண்டுபிடித்த பிறகே நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2016 இணக்கத் தீர்வில் ஆளுக்கு 30 டொலர் கொடுப்பதாக முடிந்தது. 2017இல் ஹுவாவே பி10 தொலைபேசி வாங்கியவர்கள், ஒரே விலை, ஒரே பெயர் கொண்ட தொலைபேசிகளில் சிலவற்றில் வேகமான நினைவகச் சில்லும் சிலவற்றில் மந்தமானதும் இருப்பதைச் சோதனையில் கண்டார்கள். சில்லுத் தட்டுப்பாடு என்று நிறுவனம் காரணம் சொன்னது.

மூன்றிலும் குட்டு உடைந்தது பொருளை வாங்கிய பிறகு யாரோ உட்கார்ந்து அளந்து பார்த்ததால்தான். சொஃப்ட்ராமின் வாரிசு இன்றைக்கும் நம் கைத்தொலைபேசிக் கடைகளில் இருக்கிறது. '16 ஜிபி ரேம்' என்று பெரிய எழுத்தில் போட்டு, பக்கத்தில் சின்னதாக '8+8' என்று எழுதியிருப்பார்கள். இரண்டாவது 8, சேமிப்பகத்தில் இருந்து கடன் வாங்கிய இடம். சொஃப்ட்ராமைப் போல முழுப் பொய் என்று சொல்ல முடியாது, ஏதோ கொஞ்சம் உதவும். ரேமின் வேகம் அதற்கு இல்லை. விலை பேசும்போது முதல் 8ஐ மட்டும் எண்ணுங்கள்.

பாடசாலைக்கு வருகிற பெட்டிகள்

தனியாள் வாங்குவது ஒன்று என்றால் நாற்பது ஐம்பது என்று அரசாங்கம் வாங்குவது இன்னொன்று. பாடசாலைக் கணினிக்கூடத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் வருகிற கணினிகள் கேள்விமனு கோரி, தொழில்நுட்பக் குழு மதிப்பிட்டு வாங்கப்படுபவை. காகிதத்தில் ஓட்டை குறைவு. ஓட்டை விழக்கூடிய இடம் கடைசிப் படி. லொறியில் இறங்குகிற பெட்டிகளை எண்ணி, 'கணினி 20' என்று பொருட்பதிவேட்டில் ஏற்றிக் கையொப்பம் வைக்கிறார் பொறுப்பாசிரியர். பெட்டி இருபது சரி. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இருப்பது கேட்டதுதானா என்று பார்க்க அவர் கையில் விவரக்குறிப்பு இருக்காது.

தமிழ்நாட்டின் அனுபவம் இங்கே உதவும். 2011 செப்டம்பர் 15 அன்று முதல்வர் ஜெயலலிதா தொடக்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்கோட் நிறுவனம் இலட்சக்கணக்கான கணினிகளை வாங்கியது. 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க் என்று கேள்விமனு விவரம் பகிரங்கமாக வெளிவந்தது, பத்திரிகைகளிலும் அச்சானது. ஆகவே கணினியைக் கையில் வாங்குகிற எந்த மாணவரும் அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. கொடுக்கிறவர் கையில் மட்டும் இருக்கிற விவரம் பெறுகிறவர் கைக்கும் வந்தால், சரிபார்க்கத் தனி ஆள் தேவையில்லை. இருபது கணினிக்கு இருபது மாணவர் போதும்.

இதைக் கரடியனாற்றிலும் செய்யலாம். சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகள் கிலோபைட், மெகாபைட், ஜிகாபைட் பாடத்தைப் புத்தகத்தில்தான் படிக்கிறார்கள். புதிய கணினி வந்திறங்கும் நாளில் ஆளுக்கொரு கணினியைக் கொடுத்து, தொடரிலக்கம், ரேம், வேகம், சேமிப்பகம் நான்கையும் ஒரு தாளில் எழுதச் சொன்னால் பாடமும் நடக்கும், கையொப்பம் வைக்கிற ஆசிரியருக்கும் ஆதாரம் கிடைக்கும். விவரக்குறிப்பு கிடைக்கவில்லை என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் அதை எழுதிக் கேட்கலாம்.

சட்டம் நம் பக்கம், தேதியும் முக்கியம்

சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்பது இலங்கைக்குப் புதிய சட்டமில்லை. 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டமே அதைச் சொல்லிவிட்டது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வாங்குபவரைத் தவறாக வழிநடத்துகிற நடத்தையையும் பொருளின் தரம், வகை பற்றிய பொய்யான கூற்றுகளையும் தடை செய்கிறது. வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பதும் வியாபாரியின் கடமை. அதிகார சபையின் துரித இலக்கம் 1977.

பலருக்குத் தெரியாத ஒன்று, முறைப்பாட்டுக்குக் காலக்கெடு இருப்பது. பொருளை விற்ற நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். 'கம்பியூட்டர் கொஞ்சம் ஸ்லோதான், பார்ப்போம்' என்று வருடக் கணக்கில் பொறுத்துக்கொள்வதை இந்தச் சட்டம் எதிர்பார்க்கவில்லை. சின்னத் தொகைத் தகராறை மத்தியஸ்த சபைக்கும் கொண்டுபோகலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: என்ன தருவதாகச் சொன்னார்கள், எழுத்தில் இருக்கிறதா?

அங்கேதான் பல முறைப்பாடுகள் வலுவிழக்கின்றன. பற்றுச்சீட்டில் 'லெப்டொப் 1' என்று மட்டும் எழுதியிருக்கும். அதில் 4 ஜிபி இருந்தாலும் 16 ஜிபி இருந்தாலும் அது லெப்டொப் ஒன்றுதான். 'எட்டு' என்றது வாய்ப்பேச்சு. இணையத்தில் பார்த்து ஓடர் பண்ணுகிறவர்களுக்கும் இதே நிலைதான். இன்றைக்கு 8 என்றிருக்கிற விளம்பரம் நாளைக்கு மாறியிருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஓடர் பண்ணுகிற அன்றே திரையைப் படம் பிடித்து வைத்துவிட வேண்டும். கூரியர்காரர் பெட்டியை உடைத்துப் பார்க்க விடாமல் காசு வாங்கிக்கொண்டு போகிறார் என்றால், முத்திரை உடைப்பதில் இருந்து டாஸ்க் மெனேஜர் திறப்பதுவரை ஒரே வீடியோவாக எடுத்துவிடுங்கள். நடுவில் நிறுத்தாமல், தொடரிலக்கம் தெரியும்படி.

பெட்டிச் செய்தி: காசு கொடுப்பதற்கு முன்

• காட்டிய கணினியும் கட்டித் தருகிற கணினியும் ஒன்றுதானா? அடியில் இருக்கிற தொடரிலக்கத்தைப் பற்றுச்சீட்டோடு ஒப்பிடுங்கள்.

• டாஸ்க் மெனேஜரில் மொத்த அளவு, வேகம், குழிக் கணக்கு மூன்றையும் பார்த்து, தொலைபேசியில் படம் எடுங்கள்.

• 'அபௌட்' பக்கத்தில் அடைப்புக்கு வெளியே இருக்கிற எண்ணைப் பாருங்கள். அடைப்புக்குள் இருப்பது கொஞ்சம் குறைவது இயல்பு.

• 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற்குமா என்றும் கேளுங்கள்.

• சேமிப்பகத்தையும் ஒப்பிடுங்கள். 256க்கு 238, 512க்கு 476 வந்தால் சரி.

• திருத்தக் கொடுக்கும்போதும் இதே படத்தை எடுத்து, திருத்துநருக்கும் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

கரடியனாற்றில் இருந்து மட்டக்களப்பு நகரத்துக்கோ செங்கலடிக்கோ போய் வாங்கிய பொருளை மாற்ற வேண்டும் என்றால் அரை நாள் வேலை கெடும், போக்குவரத்துச் செலவு தனி. முதல் தடவை போனால் 'முதலாளி இல்லை, நாளைக்கு வாங்க' என்பதும் வழக்கம்தான். அதனால்தான் சோதனையை வீட்டுக்குத் தள்ளிப்போடாமல் கடை மேசையிலேயே செய்துவிட வேண்டும். ஆங்கிலம் தெரியாது, கணினி தெரியாது என்ற கூச்சமும் வேண்டாம். பார்க்க வேண்டியது ஒரு சில எண்களை மட்டும்.

பற்றுச்சீட்டு எழுதுகிற கடைக்காரரிடம் ஒரே ஒரு வரி கூடுதலாக எழுதச் சொல்லுங்கள்: 'ரேம் 8 ஜிபி, டிடிஆர்4, ஒற்றைத் துண்டு, தொடரிலக்கம் இன்னது.' நேர்மையான கடைக்காரர் சிரித்துக்கொண்டே எழுதித் தருவார், அவருக்கு அதில் நட்டம் எதுவும் இல்லை. எழுத மறுக்கிற கடையில் கணினியைத் திறந்து பார்க்கவே தேவையில்லை, காசை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகலாம்.